தொடர்கதைத் தொகுதிகளிலிருந்து படங்களை மட்டும் வெட்டி எடுக்கலாமா?

வளவு வீட்டுப் பெயரன் (கானாடுகாத்தான்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஐயா காலத்து வீட்டைப் பங்காளிகள் பிரித்துக்கொள்வதென்று முடிவாகி, இரண்டாம் கட்டில் பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த ஓர் அறையைச் சென்ற மாதம் திறந்தோம். பித்தளைச் சாமான்களும் எனாமல் தூக்குகளும் இருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள்; அவை இருந்தன. அவற்றோடு, ஒரு தேக்குப் பெட்டி நிறைய, எங்கள் அப்பத்தா தம் கையாலேயே தைத்து அட்டை போட்ட 43 தொடர்கதைத் தொகுதிகளும் இருந்தன. ஆனந்த விகடன், கல்கி, குமுதம் இதழ்களில் 1950களிலும் 1960களிலும் வந்த தொடர்கதைகளின் பக்கங்களை வாரந்தோறும் பின்னைக் கழற்றிச் சேர்த்து வைத்து, கதை முடிந்ததும் கோணி ஊசியால் தைத்து, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்த புளியங்கொட்டைப் பசையால் ஒட்டியிருக்கிறார். மேலட்டையாக இருப்பவை பழைய கல்யாணப் பத்திரிகைகள். முதுகில் ஒட்டியிருப்பது கிழிந்த வேட்டியின் கரை. ஒவ்வொரு தொகுதியின் கடைசிப் பக்கத்திலும் எந்த வீட்டுக்கு எப்போது இரவல் போனது, எப்போது திரும்பி வந்தது என்று பென்சிலால் குறித்திருக்கிறார்.

அதே அறையின் சுவரில் ரவிவர்மாவின் லட்சுமி அச்சுப்படம் ஒன்றும் தொங்கியது. சேலைக் கரையில் ஜிகினாவும் சரிகையும் வைத்துத் தைத்த படம். அந்தப் படத்தை மூன்று பங்காளிகள் கேட்டார்கள். தொகுதிகளை ஒருவரும் கேட்காததால் அவை என் பங்குக்கு வந்து சேர்ந்தன.

இப்போது பழம்பொருள் வாங்கும் ஒருவர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னதுதான் என்னை இங்கே எழுத வைத்திருக்கிறது. முழுத் தொகுதியாக அவருக்கு வேண்டாமாம். வண்ணப் படங்களையும் முழுப்பக்கக் கோட்டோவியங்களையும் மட்டும் வெட்டி எடுத்துக்கொள்கிறேன், கண்ணாடிச் சட்டம் போட்டால் விடுதிகளாக மாறிய வீடுகளில் விரும்பி வாங்குகிறார்கள், மீதியை நீங்கள் எடைக்குப் போட்டுவிடலாம் என்றார். பெரியப்பச்சி (பெரியப்பா) மகன் அண்ணனும் அதுவே நியாயம் என்கிறார். "இனி யார் அதை உட்கார்ந்து வாசிக்கப் போகிறார்கள்?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் உடனடியாகப் பதில் இல்லை. ஆனால் கத்தரிக்கோலை எடுக்கவும் மனம் வரவில்லை. விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டையூர் வாசகி எழுதியது:

வெட்டாதீர்கள். இதை முதலில் சொல்லிவிட்டுக் காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் ஊர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர். நூல்களை மட்டும் அவர் சேர்க்கவில்லை. நாடக நோட்டீசு, சினிமாப் பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, துப்பறியும் நாவல் என்று மற்றவர்கள் குப்பை என ஒதுக்கியவற்றையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு, ஏறத்தாழ ஒரு இலட்சம் உருப்படிகள் கொண்ட அந்தச் சேகரத்தைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அதை அடித்தளமாகக் கொண்டு 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. இன்று தமிழ்ப் பதிப்பு வரலாற்றை எழுத உட்காரும் எவரும் அங்கே போகாமல் எழுத முடியாது. அவர் அழகான படங்களை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு மற்றதை எடைக்குப் போட்டிருந்தால் நமக்கு ஓர் ஆல்பம் கிடைத்திருக்கும், நூலகம் கிடைத்திருக்காது. உங்கள் அப்பத்தா செய்ததும் அதே வேலைதான்.

பழம்பொருள் அன்பர் (காரைக்குடி) எழுதியது:

அம்மா சொல்வதை மதிக்கிறேன். ஆயினும் முனீஸ்வரன் கோவில் தெருவில் முப்பது ஆண்டுகளாகக் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டியவனாக இருக்கிறேன். இந்தப் பெயரனிடம் வந்தவர் நான் அல்லன். என்னிடம் வந்திருந்தாலும் ஏறக்குறைய அதையேதான் சொல்லியிருப்பேன்.

செட்டிநாட்டில் ஒரு வீடு பிரிபடும்போது எது எங்கே போகிறது என்பதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். பர்மாத் தேக்குத் தூண் ஒரு ஊருக்கும், நிலைக்கதவு வேறொரு ஊருக்கும், பெல்ஜியம் கண்ணாடி மூன்றாவது ஊருக்கும் போகின்றன. எனாமல் சாமான்களை எடுத்துச் செல்ல ஆள் இருக்கிறது. தாளுக்கு மட்டும் ஆள் இல்லை. முழுத் தொகுதிகள் மூட்டை மூட்டையாக எடைக்குப் போய், அடுத்த வாரம் கடலைப் பொட்டலமாகத் திரும்பி வந்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்படிப் போனவற்றில், தொடர்கதைகளுக்கு வரைந்த ஓவியர்களான மணியத்தின் படங்களும் கோபுலுவின் படங்களும் இருந்தன என்பதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. சட்டம் போட்ட ஒரு படம் குறைந்தபட்சம் சுவரில் நிற்கும். அதன் எதிரே ஒருவர் நின்று பார்ப்பார். வரைந்தவர் யார் என்று கேட்பார். பெட்டிக்குள் பூட்டிய தொகுதியின் எதிரே யாரும் நிற்பதில்லை, ராமபாணப் பூச்சியைத் தவிர.

இன்னொன்றையும் கேட்கிறேன். ரவிவர்மா படத்தை மட்டும் நாம் சுவரில் மாட்டி மதிக்கவில்லையா? அதுவும் மலிவுப் பதிப்புதானே? 1894இல் பம்பாயில் அவர் தொடங்கிய கல்லச்சுக்கூடம், அரண்மனையில் மட்டும் இருந்த ஓவியத்தை எல்லோர் வீட்டுக்கும் கொண்டுவந்தது. பிறகு அங்கே தொழில்நுட்பராக இருந்த ஷ்லைஷர் என்ற ஜெர்மானியர் அதை வாங்கித் தொடர்ந்து நடத்தினார். நம் பக்கத்து முகப்புகளில் தொங்கும் லட்சுமியும் சரஸ்வதியும் அந்த வழியில் வந்தவர்கள். அச்சுப்படம் சட்டத்துக்குள் போனதால்தான் பிழைத்தது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

அச்சுக்கூடத்தார் மகன் (காரைக்குடி) எழுதியது:

எங்கள் தகப்பனார் அச்சுக்கூடம் நடத்தியவர். படத்தை அச்சிட உதவும் தகடான பிளாக் செய்யும் வேலையும் தெரிந்தவர். ஆகவே இந்தப் படங்கள் எப்படி உண்டாயின என்பதைச் சொல்கிறேன். அது தெரிந்தால் வெட்டுவதா வேண்டாமா என்பதும் தெளிவாகும் என்று நம்புகிறேன்.

பழம்பொருள் அண்ணன் ரவிவர்மா படத்தையும் தொடர்கதைப் படத்தையும் ஒரே தட்டில் வைத்தார். இரண்டும் அச்சுதான், ஆனால் இரண்டும் வேறு வேறு தொழில். லட்சுமி படம் கல்லச்சு. நிறத்துக்கு ஒரு கல் என்று பல கற்களில் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டு, எண்ணெய் ஓவியம் போலத் தெரிவதற்காக மேலே மெருகு பூசியது. சுவரில் மாட்டுவதற்கென்றே பிறந்த படம் அது. தொடர்கதைப் படம் அப்படிப் பிறக்கவில்லை.

ஓவியர் இந்திய மையில் வரைந்து கொடுப்பார். பெரும்பாலும் அச்சில் வரும் அளவைவிடப் பெரிதாக வரைவார். அதைப் படமெடுத்துச் சிறிதாக்கி, ஒளிபட்டால் இறுகும் பூச்சுத் தடவிய துத்தநாகத் தகட்டின்மேல் பதிப்பார்கள். பிறகு தகட்டை அமிலத்தில் இறக்குவார்கள். கோடு இருக்கும் இடம் காப்புப் பெற்று மேட்டில் நிற்கும். மற்ற இடத்தை அமிலம் தின்றுவிடும். அந்தத் தகட்டை மரக்கட்டையில் அறைந்து, ஈய எழுத்தின் உயரத்துக்கு நிகராகக் கொண்டுவந்து, எழுத்துகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினால் கதையும் படமும் ஒரே அழுத்தில் தாளில் விழும். இதுதான் லைன் பிளாக். இதில் கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு, சாம்பல் கிடையாது. சாம்பல் வேண்டுமென்றால் ஓவியர் கோட்டை நெருக்கி இழைக்க வேண்டும், புள்ளி வைக்க வேண்டும், அல்லது மை காய்ந்த தூரிகையை இழுத்துச் சொரசொரப்பு உண்டாக்க வேண்டும். மென்மையான பூச்சு வேலையைக் காட்ட, படத்தைத் திரை வழியே புள்ளிகளாகப் பிரிக்கும் ஆஃப்டோன் பிளாக் இருந்தது; ஆனால் பத்திரிகைக் காகிதத்தில் அங்குலத்துக்கு 65 கோடு போன்ற பருவெட்டான திரைதான் தாங்கும். அதைவிட நுணுக்கமாகப் போனால் மை கசிந்து புள்ளிகள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும்.

ஆகவே, முகத்தில் நிழல் விழுவதைக் காட்ட வேண்டிய இடத்தில் கோபுலு ஒரே கோட்டைச் சற்றுத் தடிப்பாக்கி நிறுத்துகிறாரே, அது அவருடைய கைவண்ணம் மட்டுமன்று. தாளையும் அமிலத்தையும் அறிந்த ஒருவரின் முடிவும்கூட. நாதஸ்வரக்காரரின் கன்னம் உப்புவதை நாலு கோட்டில் காட்ட முடிந்தது அதனால்தான். தில்லானா மோகனாம்பாளுக்கு அவர் வரைந்த படங்களைப் பாருங்கள். எழுதியவர் நம் பக்கத்துக் கொத்தமங்கலம் சுப்பு. ஆட்டக்காரியின் கால் தரையில் படுகிற இடத்தில் கோடு விட்டுப்போயிருக்கும். நம் கண் அதைத் தானாகவே நிரப்பிக்கொள்ளும். சில்பி கோயில் கோயிலாகப் போய் அமர்ந்து வரைந்தவர். கல் சிற்பத்தின் வழவழப்பைக் கறுப்பும் வெள்ளையும் மட்டுமே கொண்டு வரைந்து காட்டினார். மணியம் கல்கியில் 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வனுக்கு வாராவாரம் வரைந்தார். வாரா வாரம் என்பதை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். இந்த வாரக் கதை கைக்கு வந்து, வரைந்து, பிளாக் ஆகி, அச்சேறி, கட்டாகி, ரயிலேறியாக வேண்டும். காய்ச்சல் என்று சொல்லிப் படுக்க முடியாது.

இப்போது கேள்விக்கு வருகிறேன். படமும் எழுத்தும் ஒரே அழுத்தில் விழுந்தவை என்றேன். படத்துக்குக் கீழே இருக்கும் ஒரு வரி, பக்கத்தில் ஓடும் கதை, தலைப்பெழுத்தின் வளைவு, இவற்றையெல்லாம் கணக்கில் வைத்தே ஓவியர் இடத்தைப் பிரித்திருக்கிறார். வெட்டி எடுத்தால் படம் கிடைக்கும். அது எதற்காக அப்படி அமைந்தது என்பது போய்விடும். லட்சுமியைச் சட்டத்திலிருந்து எடுத்தால் ஒன்றும் குறையாது. இதைப் பக்கத்திலிருந்து எடுத்தால் குறையும்.

பள்ளத்தூர் ஆசிரியை (ஓய்வு) எழுதியது:

தம்பி எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். எத்தனையோ ஆண்டுகள் இந்தப் படங்களைப் பார்த்தும், கோடு ஏன் அப்படி இருந்தது என்று எனக்கு இன்றுதான் விளங்கியது. ஆனாலும் ஒரு விஷயத்தில் எல்லோரும் சற்று வேகமாகக் கடந்து போகிறீர்கள் என்று தோன்றுவதால் எழுதுகிறேன்.

தொகுதிகளை மட்டும் பேசுகிறோம். அந்தப் பெட்டியில் பாக்கெட் நாவல்களும் இருந்திருக்குமே? 1969இல் ஒரு ரூபாய் விலையில் ராணிமுத்து வரத் தொடங்கிய பிறகு மாத நாவல் என்பது வீட்டுப் பெண்களின் கைக்கு எட்டும் பொருளாயிற்று, மாலைமதி வந்தது, 1980களில் துப்பறியும் நாவல்கள் பேருந்து நிலையக் கடைகளில் கொடி கட்டித் தொங்கின. அவற்றின் அட்டையை நாங்கள் எப்படி வாசித்தோம் தெரியுமா? பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு உறையிட்டு வாசித்தோம். அட்டையில் இருந்த பெண்ணின் நிலை அப்படி இருக்கும். கதையில் அவள் வங்கியில் வேலை பார்ப்பாள், கொலையாளியைக் கண்டுபிடிக்க உதவுவாள். அட்டையில் மட்டும் ஈரச் சேலையில் நிற்பாள். வரைந்தவரின் கைத்திறனை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஜெயராஜின் தூரிகை வேகத்தையும், புதுக்கோட்டையில் பிறந்த மாருதி வரைந்த பெண்களின் கண்களையும் நானும் இரசித்தவள்தான்; மாருதி 2023இல் மறைந்தபோது எங்கள் வீட்டில் ஒருவர் போனதுபோல் இருந்தது. ஆனால் பழைய படம் என்ற ஒரே காரணத்துக்காக அதில் இருந்த பார்வையையும் சேர்த்துப் புனிதமாக்கிவிடக் கூடாது.

இன்னொன்று, மாருதியும் மணியமும் வரைந்த முகங்களைப் பார்த்து நாங்கள் எங்கள் முகத்தை அளந்தோம். குந்தவையின் கொண்டையைப் பார்த்துக் கொண்டை போட்டுப் பார்த்தோம். நிறம் பற்றாது என்று வருந்தினோம். விடுதிச் சுவரில் வெட்டி மாட்டும் படம் இதைச் சொல்லாது. கதையோடு இருந்தால் அந்தப் பெண்ணுக்கு அடுத்த வாரம் என்ன ஆனது என்பதாவது தெரியும். ஆகையால் நானும் வெட்ட வேண்டாம் என்ற கட்சிதான். ஆனால் என் காரணம் வேறு.

வளவு வீட்டுப் பெயரன் (கானாடுகாத்தான்) எழுதியது:

ஆமாம் அம்மா, பாக்கெட் நாவல்களும் ஒரு கட்டு இருக்கின்றன. நீங்கள் சொன்னதைப் போலவே காலண்டர் தாளில் உறையிட்டவை. தேவகோட்டைக்காரரான தமிழ்வாணனின் சங்கர்லால் துப்பறியும் கதைகள் மட்டும் உறையில்லாமல் இருக்கின்றன.

தேவகோட்டைக் கோடு எழுதியது:

நான் சென்னையில் வடிவமைப்பு வேலை பார்க்கிறேன். பிறந்தது 2001இல். இந்தப் படங்கள் என் இளமைக்கால நினைவு அல்ல. என் ஆத்தாவின் இளமைக்கால நினைவுகூட முழுமையாக அல்ல. இருந்தும் இவை என்னை இழுக்கின்றன. பழையதை விரும்புவது ஏக்கம் மட்டுமே என்றால் என்னிடம் அந்த ஏக்கத்துக்கு இடமில்லை. ஆகவே வேறு ஏதோ இருக்க வேண்டும் என்று நெடுநாளாக யோசித்து வருகிறேன்.

அலுவலகத்தில் வாடிக்கையாளர்கள் "பழைய பத்திரிகை மாதிரி வேண்டும்" என்று கேட்கிறார்கள். கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் தாள் மஞ்சளாகும், புள்ளிகள் வரும், சிவப்பு நிறம் கொஞ்சம் விலகி நிற்கும். ஆனால் அது எல்லா இடத்திலும் ஒரே அளவாக விலகி நிற்கும். உண்மையான பழைய அட்டையில் அப்படி இருப்பதில்லை. தாள் ஈரத்தில் விரிந்திருந்தால் ஓரத்தில் அதிகமாகவும் நடுவில் குறைவாகவும் விலகும். அந்த விலகலுக்குப் பின்னால் ஒரு மழைக்காலமும் ஓர் இயந்திரமும் இருக்கின்றன. பொத்தானுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

ஆசிரியை அம்மா சொன்னதையொட்டி ஒரு செய்தி. இத்தகைய கதைகளுக்கு அமெரிக்காவில் வழங்கும் பல்ப் என்ற பெயரே மலிவான மரக்கூழ்க் காகிதத்திலிருந்து வந்தது. அங்கே சிகாகோவில் 1923இல் தொடங்கிய வியர்ட் டேல்ஸ் என்ற திகில் கதை இதழுக்கு 1930களில் மிகுதியான அட்டைகளை வரைந்தவர் மார்கரெட் பிரண்டேஜ் என்ற பெண்மணி. எண்ணெய் வண்ணத்தில் அல்லாமல் பாஸ்டல் கட்டிகளால் வரைந்தார். அவர் வரைந்ததில் பெரும்பகுதி ஆபத்தில் சிக்கிய, ஆடை குறைந்த பெண்கள். வரைபவர் பெண் என்பதால் அட்டையின் பார்வை மாறிவிடவில்லை. கடையில் எது விற்கும் என்பதே அதைத் தீர்மானித்தது. அங்கும் அச்சான பிறகு மூல ஓவியங்களை யாரும் பொருட்படுத்தவில்லை, பெரும்பாலானவை அழிந்தன. இன்று எஞ்சியவற்றை ஏலத்தில் பெரும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். நம் ஓவியர்களின் மூலங்களும் பெருமளவில் கிடைப்பதில்லை. அப்படியானால் அச்சான பக்கமே நமக்கு மூலம். அதை வெட்டினால் மூலத்தையே வெட்டுகிறோம்.

பழம்பொருள் அன்பர் (காரைக்குடி) எழுதியது:

தம்பி கடைசியாக எழுதிய வரி என்னை நிறுத்திவிட்டது. சற்று யோசித்தே மறுமொழி எழுதுகிறேன்.

நான் சொன்ன ஒன்றை மாற்றிக்கொள்கிறேன். ரவிவர்மா படத்தைப் பற்றி அச்சுக்கூடத்தார் மகன் சொன்னது சரி. அது சுவருக்காகவே வந்த பொருள். அதைப்போலவே சுவருக்காக வந்தவை வேறும் உண்டு, அவற்றைச் சட்டம் போடுவதில் எந்தப் பிழையும் இல்லை. கோவில்பட்டியில் இருந்து வரைந்த கொண்டையராஜுவின் தெய்வப் படங்கள் அப்படிப்பட்டவை. 1898இல் பிறந்து 1976இல் மறைந்த அவர், நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதியவர்; அந்தத் திரைச்சீலையின் ஆழமும் ஒளியும்தான் காலண்டர் முருகனுக்குப் பின்னால் தெரியும் மலையிலும் வானத்திலும் இருக்கின்றன. அவற்றை அச்சிட்டுப் பரப்பியது சிவகாசி. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்ததால் அச்சு வளர்ந்தது. அச்சு இருந்ததால் காலண்டர் வந்தது. 1972இல் முத்து காமிக்ஸ் வந்ததும் அந்த ஊரிலிருந்துதான். ஆக, தனித்தாளாக வந்த காலண்டரையும் லேபிளையும் தனித்தாளாகவே விற்கலாம், மாட்டலாம்.

தைத்த தொகுதியை வெட்டுவது வேறு. தூண் விற்பனையை நான் உதாரணம் காட்டினேன். ஆனால் வீட்டைப் பிரித்து விற்பதைப் பார்த்து மனம் வருந்துகிறவனே நானும். அதே வேலையைத் தாளுக்கும் செய்யச் சொன்னது பொருத்தமாக இல்லை. இனி என் கடைக்கு வரும் தைத்த தொகுதிகளைப் பிரிக்க மாட்டேன். பிழைப்புக்காகத் தனி அட்டைகளையும் உதிரித் தாள்களையும் தொடர்ந்து விற்பேன். அதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்.

லட்சுமி படம் பற்றி: உங்கள் பங்காளிகள் விலை பேசும் முன் ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பழைய கல்லச்சாக இருந்தால் புள்ளிகள் கையால் வைத்தவைபோல ஒழுங்கின்றிச் சிதறியிருக்கும். பிற்கால ஆஃப்செட் மறுபதிப்பாக இருந்தால் புள்ளிகள் வரிசை பிடித்து, சிறு பூப்போல வட்டம் கட்டி நிற்கும். ஜிகினா இருப்பதாலேயே பழையது என்று நம்ப வேண்டாம். புதிய படத்தில் ஜிகினா வைத்து விற்பவர்களும் இருக்கிறார்கள்.

வளவு வீட்டுப் பெயரன் (கானாடுகாத்தான்) எழுதியது:

பூதக்கண்ணாடி வாங்கிப் பார்த்தேன். லட்சுமியின் கன்னத்தில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல்தான் இருக்கின்றன. தாமரை இதழின் ஓரத்தில் இளஞ்சிவப்பும் அதன் கீழே ஒரு மஞ்சளும் தனித்தனியாகத் தெரிகின்றன. பழையதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் நான் எழுத வந்தது வேறு.

ஜிகினாவைத் தைத்த நூலைக் கவனித்தேன். படத்தின் பின்புறம் மெல்லிய துணி ஒட்டி, அதையும் தாளையும் சேர்த்துச் சிறு சிறு தையலாக எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முடிச்சும் இரட்டையாகச் சுற்றிப் போட்டது. பிறகு ஒரு தொகுதியை எடுத்து அதன் தையலைப் பார்த்தேன். அங்கும் அதே இரட்டைச் சுற்று முடிச்சு. லட்சுமிக்கு ஜிகினா வைத்தது யார் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் இருந்தது. இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது என்றே நம்புகிறேன். அண்ணனைக் கூப்பிட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

ஒரு தொகுதியில் படம் ஒன்றில் கதாநாயகியின் உதட்டுச் சிவப்பு விலகி மோவாயில் விழுந்திருக்கிறது. அப்பத்தா அதன்மேல் வெள்ளைச் சுண்ணாம்பைத் தொட்டு அந்தச் சிவப்பை மறைத்துவிட்டு, சரியான இடத்தில் குங்குமக் குழம்பால் உதட்டை வரைந்திருக்கிறார். அச்சுப் பிழையைத் திருத்தியிருக்கிறார்! இதை வெட்டி எடுத்துச் சட்டம் போட்டால் வாங்குபவர் அதை அழுக்கு என்று நினைப்பார்.

பள்ளத்தூர் ஆசிரியை (ஓய்வு) எழுதியது:

இதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. அந்தப் பக்கத்தைத் தயவுசெய்து துடைக்கவோ சுத்தம் செய்யவோ வேண்டாம்.

கோட்டையூர் வாசகி எழுதியது:

பாதுகாக்கும் முறையைச் சொல்கிறேன். பத்திரிகைக் காகிதத்தில் மரத்தின் லிக்னின் என்ற பொருள் அப்படியே தங்கியிருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டால் அது மஞ்சளாகும். தாளில் அமிலம் பெருகும். மடித்த இடத்தில் முறியும். இதை முற்றிலும் நிறுத்த முடியாது, மெதுவாக்கலாம். வெயில் படாத, ஈரம் ஏறாத இடம் வேண்டும். நம் வீடுகளில் சுவர் கனமானது என்பதால் உள்கட்டு அறைகள் பெரும்பாலும் நல்லவை. ஆனால் மழைக்கு ஒழுகும் ஓட்டின் கீழே வைத்துவிடாதீர்கள். செல்லோடேப் ஒட்டவே கூடாது. சில ஆண்டுகளில் பசை பழுப்பாகித் தாளுக்குள் இறங்கிவிடும். லாமினேஷனும் கூடாது, ஏனென்றால் அதைத் திரும்பப் பிரிக்க வழியில்லை. அமிலமில்லாத தாளில் ஒவ்வொரு தொகுதியையும் சுற்றிப் படுக்க வைத்து அடுக்குங்கள். கரையான் பிடிக்காமல் இருக்கப் பெட்டியைத் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் விலக்கி வையுங்கள். வசம்பும் வேப்பிலையும் வைப்பவர்கள் தாளில் படாமல் துணியில் முடிந்து வைக்க வேண்டும்.

படமெடுப்பதென்றால் தொகுதியை முழுவதும் மலர்த்தி அழுத்தாதீர்கள், தையல் அறுந்துவிடும். தொண்ணூறு பாகை அளவுக்குத் திறந்து, இருபுறமும் மடித்த துண்டை முட்டுக்கொடுத்து, மேலிருந்து ஒவ்வொரு பக்கமாக எடுங்கள். விளம்பரப் பக்கத்தையும் விடாதீர்கள். கடைசிப் பக்கத்துப் பென்சில் குறிப்புகளை முதலில் எடுங்கள். பென்சில் எழுத்துதான் விரல் உரசினால் எளிதில் அழியும்.

வளவு வீட்டுப் பெயரன் (கானாடுகாத்தான்) எழுதியது:

அனைவருக்கும் நன்றி. வெட்டுவதில்லை என்று முடிவாகிவிட்டது. அண்ணனே அந்த வியாபாரிக்குப் போன் செய்து சொல்லிவிட்டார். லட்சுமி படத்தைப் பங்கிலிருந்து நீக்கி, பொதுவில் வைத்து, முன்னோருக்குப் படையல் வைக்கும் படைப்பு வீட்டில் மாட்டுவதென்று மூன்று பங்காளிகளும் ஒப்புக்கொண்டார்கள். தொகுதிகள் என்னிடம் இருக்கும். நேற்று முதல் தொகுதியின் 212 பக்கங்களையும் படமெடுத்து முடித்தேன். இரவல் போன வீடுகளின் பட்டியலில் பள்ளத்தூர் வீடு ஒன்றும் இருக்கிறது; ஆசிரியை அம்மாவுக்குத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

அச்சுக்கூடத்தார் மகன் (காரைக்குடி) எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை காலையில் கானாடுகாத்தான் வருகிறேன். தகப்பனார் வைத்துவிட்டுப் போன லைன் பிளாக்குகள் சில என்னிடம் இருக்கின்றன. பெரும்பாலும் தலைப்புப் பூவேலைகளும் ஒரு நாதஸ்வரக்காரர் படமும். தொகுதியில் இருக்கும் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அமிலம் தின்ற பள்ளத்தையும் தாளில் விழுந்த கோட்டையும் ஒருசேரப் பார்க்கலாம். மரக்கட்டை உளுத்திருப்பதால் தகட்டை மட்டும் கழற்றி எடுத்து வரட்டுமா?

வளவு வீட்டுப் பெயரன் (கானாடுகாத்தான்) எழுதியது:

கழற்ற வேண்டாம் அண்ணே. கட்டையோடு கொண்டு வாருங்கள்.